பெரம்பூர் ஆலையும் பேசிய கூலியும்

உழைத்தவருக்குப் பேசிய கூலியைக் குறைக்காமலும் தாமதிக்காமலும் கொடுத்துவிட வேண்டும் என்பதை மதரஸாவில் ஓதத் தொடங்கிய நாள்முதல் நாம் கேட்டு வருகிறோம். நம் வீட்டுப் பெரியவர்கள் கொத்தனாருக்கும் சுமை தூக்குபவருக்கும் அன்றைய கணக்கை அன்றே முடித்து அனுப்பியதையும் பார்த்திருக்கிறோம். ஆனால் ‘பேசிய கூலி’ என்ற சொல்லுக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. பேசியவர் யார்? ஒரு வீட்டுக்காரரும் ஒரு கொத்தனாரும் திண்ணையில் அமர்ந்து பேசினால் இருவருக்கும் வாய் உண்டு. பல்லாயிரம் பேர் வேலை செய்யும் ஓர் ஆலையில் கூலியையும் நேரத்தையும் நிர்வாகமே தீர்மானித்து அறிவித்துவிட்டால், அங்கே பேச்சு எப்போது நடந்தது? ஒரு தொழிலாளி தனியாக மேலாளரின் அறைக்குள் சென்று குறையைச் சொன்னால், மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா?

இந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்ததே கூட்டுப் பேரம். தனித்தனியே வாய் திறக்க அஞ்சுபவர்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் சார்பில் பேசச் சிலரைத் தேர்ந்தெடுத்து, முதலாளியோடு சமமாக அமர்ந்து ஒப்பந்தம் செய்துகொள்ளும் முறை அது. இன்று எளிதாகத் தோன்றும் இந்த முறையை நீதிமன்றம் தடுத்த காலம் ஒன்று இருந்தது. நாட்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்த நிகழ்ச்சிகளில் முதன்மையானது நம் சென்னையில், பெரம்பூரில் நடந்தது. முஸ்லிம் தொழிலாளர்களும் அதில் பங்கு கொண்டிருந்தார்கள். அந்தப் போராட்டம் எதனால் எழுந்தது, எதனால் உடைந்தது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

ஆலையும் சங்கமும்

பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை 1870களிலும் கர்நாடிக் ஆலை 1880களின் தொடக்கத்திலும் எழுந்தன. இரண்டையும் பின்னி நிறுவனம் நிர்வகித்தது. முதல் உலகப் போரின்போது படைவீரர்களுக்கான காக்கித் துணி இங்கிருந்து பெருமளவில் சென்றது. ஆலைக்கு இலாபம் பெருகியது. அதே காலத்தில் அரிசி விலையும் துணி விலையும் ஏறின. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை.

அன்றைய 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலைகளில் வயது வந்த ஆண்களை நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதித்தது. நண்பகல் உணவுக்குக் கிடைத்த இடைவேளை அரைமணி நேரம். ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்து, கை கழுவி, உண்டு, மீண்டும் வாயிலுக்குள் நுழைய அது போதவில்லை. அதோடு மேற்பார்வையாளர்களின் வசையும் அடியும் இருந்தன.

இந்தக் குறைகளை முதலில் காது கொடுத்துக் கேட்டவர்கள் ஆலைக்கு அருகில் கடை நடத்திவந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். ஆன்மிகச் சொற்பொழிவுகளுக்கென்று அவர்கள் நடத்திவந்த சபையில் தொழிலாளர்களும் கூடினார்கள். 1918ஆம் ஆண்டு அங்கே பேச வந்தவர் ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியர் திரு.வி. கலியாணசுந்தரனார். பிறகு அன்னி பெசன்ட் அம்மையாரின் தோழரான பி.பி. வாடியா அழைக்கப்பட்டார். வாடியா பார்சி சமூகத்தவர். 1917ஆம் ஆண்டு பெசன்ட் அம்மையாரோடு காவலில் வைக்கப்பட்டவர். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவரானார். இந்தியாவில் ஒழுங்கான அமைப்போடு தொடங்கிய முதல் தொழிற்சங்கமாக வரலாற்றாசிரியர்கள் இதையே பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள்.

சங்கத்தின் முதற்கோரிக்கைகளுள் ஒன்று உணவு இடைவேளையை நீட்டுவது என்பதை நாம் கவனிக்க வேண்டும். புரட்சியையோ ஆலையைக் கைப்பற்றுவதையோ எவரும் பேசவில்லை. நிதானமாக உட்கார்ந்து சோறு உண்ணச் சில நிமிடங்கள் கேட்டார்கள். போர் நடந்துகொண்டிருந்ததால் வேலைநிறுத்தத்தை வாடியா விரும்பவும் இல்லை. இருந்தும் நிர்வாகம் சங்கத்தை ஏற்க மறுத்தது. தன் தொழிலாளரோடு பேசத் தயார், வெளியாரோடு பேச மாட்டோம் என்பதே அதன் நிலைப்பாடு.

இந்த ‘வெளியார்’ வாதத்தை நாம் இன்றும் கேட்கிறோம். அதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆலைக்குள் இருப்பவர் பேசினால் அவர் வேலை போகும். வேலை போனபின் அவரும் வெளியாராகிவிடுவார். எழுத்தறிவும் சட்ட அறிவும் மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு, வேலை பறிபோகும் அச்சமில்லாத ஒருவரே துணிந்து பேச முடிந்தது. வெளியாரை விலக்குவது என்பது பெரும்பாலும் தொழிலாளரின் வாயை மூடுவதாகவே முடிந்தது.

நீதிமன்றத்தின் தடை

1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையில் தகராறு முற்றியது. நிர்வாகம் கதவடைப்புச் செய்தது. அந்த டிசம்பர் 9ஆம் நாள் காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். ஆனால் சங்கத்தை முடக்கிய ஆயுதம் துப்பாக்கியன்று. அது ஒரு நீதிமன்ற ஆணை.

தொழிலாளர்களைத் தங்கள் வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள்மீது பின்னி நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து நஷ்டஈடு கோரியது. அத்தகைய தூண்டுதலுக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இதன் பொருளை எளிதாகச் சொல்லலாம். வேலைக்குப் போகாதீர்கள் என்று கூட்டத்தில் ஒரு தலைவர் சொன்னால், அவர் நீதிமன்றத்தை அவமதித்தவராகிவிடுவார். ஆலைக்கு ஏற்பட்ட இழப்பையும் தம் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். குற்றவியல் பக்கத்திலும் பாதுகாப்பு இல்லை. 1913ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட குற்றச் சதிப் பிரிவு, கூடிப் பேசி முடிவெடுக்கும் எந்தச் சங்கத்தின் தலைமேலும் தொங்கிக்கொண்டிருந்தது. முன்பணம் பெற்ற தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் தண்டனைக்கு வழி செய்த 1859ஆம் ஆண்டுச் சட்டமும் அப்போது உயிரோடிருந்தது.

இதே சிக்கலைப் பிரிட்டன் ஏற்கெனவே சந்தித்துத் தீர்த்திருந்தது. அங்கே டாஃப் வேல் ரயில் நிறுவனத்தில் 1900ஆம் ஆண்டு ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. அதனால் ஏற்பட்ட இழப்புக்குச் சங்கமே பொறுப்பு என்று 1901இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ரயில் ஊழியர் சங்கம் 23,000 பவுண்டு கட்ட நேர்ந்தது. அந்தத் தீர்ப்பின் அதிர்ச்சி பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களைத் தேர்தல் அரசியலுக்குள் தள்ளியது. தொழிற்கட்சியின் வளர்ச்சிக்கு அது உரமாயிற்று. 1906ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றி, வேலைநிறுத்தத்துக்காகச் சங்கங்கள்மீது நஷ்டஈட்டு வழக்குத் தொடுக்க முடியாதபடி செய்தது.

ஆக, ஒரே மன்னரின் ஆட்சியில் இலண்டன் தொழிலாளி 1906இல் பெற்ற பாதுகாப்பு பெரம்பூர்த் தொழிலாளிக்கு 1920இல் இல்லை. இந்த வேறுபாட்டைப் பிரிட்டிஷ் தொழிலாளர் இயக்கத்தினரும் இந்தியச் செயலர் மாண்டேகுவிடம் எடுத்துச் சொன்னார்கள்.

1921 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகினார். நிறுவனம் வழக்கைத் தொடரவில்லை. வேலைநிறுத்தத்தில் முன்னின்ற சிலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

உள்ளிருந்து வந்த பிளவு

இதுவரை கண்டது முதலாளியும் சட்டமும் ஒரு பக்கம், தொழிலாளர் மறுபக்கம் என்ற கதை. இனி வருவது சற்றுக் கசப்பானது.

1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் மீண்டும் தகராறு எழுந்து கதவடைப்பில் முடிந்தது. ஜூன் மாதம் பக்கிங்காம் ஆலைத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாடெங்கும் ஒத்துழையாமை இயக்கமும் கிலாஃபத் இயக்கமும் கைகோத்து நின்ற ஆண்டு அது. கிலாஃபத் தலைவர் யாகூப் ஹசன் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே கோழிக்கோட்டில் கைதாகிச் சிறை சென்றிருந்தார். இந்து முஸ்லிம் ஒற்றுமை என்ற முழக்கம் சென்னைத் தெருக்களிலும் ஒலித்தது. ஆலையின் சாதி இந்துத் தொழிலாளர்களோடு முஸ்லிம் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்து நின்றார்கள்.

ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எளிது. காரணத்தை ஆராய்வதே நீதி. பல வாரம் கூலியில்லாமல் தாங்குவதற்கு அவர்களிடம் சேமிப்போ, கடன் தரும் உறவினரோ, சொந்த ஊரில் நிலமோ இல்லை. ஆலைக்குள் தோளோடு தோள் நின்றவர்கள், வெளியே வந்ததும் அவர்களைத் தெருவுக்குள் விடாதவர்களாக இருந்தார்கள். அன்று சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர்களுக்காகக் குரல் கொடுத்த எம்.சி. ராஜா அவர்கள் வேலைக்குத் திரும்புவதையே ஆதரித்தார். வேலைநிறுத்தத்தை ஒத்துழையாமையின் கிளையாகக் கருதிய அரசு, இந்தப் பிளவைத் தனக்கு வசதியாகவே கண்டது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராய செட்டியாரோ அரசு ஆதிதிராவிடர் பக்கம் சாய்கிறது என்று குற்றம் சாட்டினார். இப்படி ஒரு கூலித் தகராறு சாதித் தகராறாகவும் கட்சித் தகராறாகவும் மாறியது.

ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. தாக்குதல்களும் எதிர்த் தாக்குதல்களும் வாரக்கணக்கில் தொடர்ந்தன. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், ஆதிதிராவிடர்கள் மறுபக்கம் என்று அன்றைய நிலைமை பிரிந்தது. ஆகஸ்டு 29ஆம் நாள் காவல்துறை மீண்டும் சுட்டது. மீண்டும் உயிர்கள் போயின. ஆளுநர் வில்லிங்டன் திரு.வி.க.வை நேரில் அழைத்து எச்சரித்தார். அக்டோபரில் வேலைநிறுத்தம் முறிந்தது. ஏறத்தாழ ஐந்து மாதம் பசியோடு நின்றவர்கள் நிர்வாகத்தின் நிபந்தனைகளை ஏற்று ஆலைக்குள் நுழைந்தார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. 1922ஆம் ஆண்டு நிர்வாகமே நலக் குழு ஒன்றை அமைத்தது. தொழிலாளரின் சொந்தச் சங்கம் அமர வேண்டிய நாற்காலியில் நிர்வாகம் ஏற்பாடு செய்த குழு அமர்ந்தது.

இந்தப் பகுதியை நாம் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். சகோதரத்துவத்தையும் சமத்துவத்தையும் ஒவ்வொரு தொழுகை வரிசையிலும் கற்கும் சமுதாயம் நாம். புளியந்தோப்பில் பற்றி எரிந்தது, தம்மைவிட நலிந்தவர்களின் கூரை. ஆதிதிராவிடத் தொழிலாளியின் பசியையும் அவமானத்தையும் சங்கம் முன்பே தன் கோரிக்கையில் சேர்த்திருந்தால், அவரை நிர்வாகத்தின் பக்கம் தள்ளுவது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. கூட்டுப் பேரத்தில் ‘கூட்டு’ என்பதுதான் முதற்சொல். அந்தக் கூட்டில் யாருக்கு இடமில்லையோ, அவர் வழியாகவே அது உடைகிறது.

1926ஆம் ஆண்டுச் சட்டம் தந்ததும் தராததும்

பெரம்பூரில் தோல்வி ஏற்பட்டாலும் அந்தத் தடை ஆணை மறக்கப்படவில்லை. 1920 அக்டோபர் இறுதியில் பம்பாயில் லாலா லஜபதி ராய் தலைமையில் அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரஸ் தோன்றியிருந்தது. 1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். முதலாளிகளின் எதிர்ப்பையும் அரசின் தயக்கத்தையும் கடந்து, 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. 1927 ஜூன் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்று அச்சட்டம் கூறியது. சங்கத்தின் நியாயமான நோக்கங்களுக்காகச் செய்துகொள்ளும் உடன்பாட்டுக்காக மட்டும் உறுப்பினர்மீது குற்றச் சதி வழக்குத் தொடுக்க முடியாது என்றது. ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்ற ஒரே காரணத்தால் உரிமையியல் வழக்கும் நிற்காது என்றது. வாடியாவைக் கட்டிப்போட்ட கயிறு இவ்வாறு அவிழ்க்கப்பட்டது. ‘வெளியார்’ சிக்கலுக்கும் ஒரு நடுவழி காணப்பட்டது: நிர்வாகிகளில் பாதிப்பேராவது அத்தொழிலில் வேலை செய்பவராக இருக்க வேண்டும், எஞ்சியோர் வெளியிலிருந்து வரலாம்.

ஆனால் பெரிய இடைவெளி ஒன்று எஞ்சியது. பதிவு பெற்ற சங்கத்தோடு முதலாளி பேசியே ஆக வேண்டும் என்று அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. சங்கம் வைக்கலாம், அதற்காகச் சிறைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் எதிரில் அமர்ந்து பேசு என்று முதலாளியை அழைக்க வழியில்லை. 1947ஆம் ஆண்டு அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் திருத்தம் ஒன்று நிறைவேறியது. ஆனால் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. அதே 1947ஆம் ஆண்டு பெரம்பூர் ஆலையில் மீண்டும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது, முதியவராகிவிட்ட திரு.வி.க. வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அப்போது மாகாணத்தை ஆண்டது காங்கிரஸ் அமைச்சரவை. ஆள்பவர் மாறினாலும் சங்கத்தைக் கண்டு அஞ்சும் இயல்பு உடனே மாறிவிடவில்லை.

சங்கம் அமைக்கும் உரிமையையும் கூட்டுப் பேர உரிமையையும் பற்றிய உலகத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகள் 1948, 1949ஆம் ஆண்டுகளில் உருவாயின. இந்தியா அவ்விரண்டையும் இன்றுவரை ஏற்று உறுதி செய்யவில்லை. 2020ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 51 விழுக்காடு தொழிலாளரின் ஆதரவு பெற்ற சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்க வேண்டும் என்கிறது. அதே தொகுப்பு எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தத்தைத் தடை செய்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பதாகத் தொழிற்சங்கங்கள் இதை விமர்சிக்கின்றன.

இது பழைய கதையாக முடிந்துவிடவும் இல்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் கோரிக்கைகளில் இருந்தது. ஆனால் போராட்டத்தின் மையத்தில் நின்றது தங்கள் சங்கத்தைப் பதிவு செய்வதும் அதை ஏற்கச் செய்வதுமே. 2025 ஜனவரியில்தான் அச்சங்கம் பதிவு பெற்றது.

நம் வீட்டுக் கணக்கு

தமிழ் முஸ்லிம் சமுதாயம் இந்த மேசையின் இரு பக்கங்களிலும் அமர்ந்திருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலில் நம்மவர்கள் முதலாளிகளாக இருக்கிறார்கள். அதே ஊர்களில் தொட்டியில் இறங்கித் தோல் மிதிப்பவர்களாகவும் காலணி தைப்பவர்களாகவும் இருக்கிறார்கள். பீடி சுற்றும் நம் பெண்கள் இலையும் தூளும் வாங்கிவந்து வீட்டிலேயே வேலை செய்கிறார்கள். சுற்றிக் கொடுத்ததில் எத்தனை கழித்துப் போடப்படும் என்பதைத் தனியொரு பெண் தட்டிக்கேட்க முடிவதில்லை. நம் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கிறார்கள். சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தொழிற்சங்கத்துக்கு அனுமதி இல்லை. அங்கே வேலைநிறுத்தம் செய்பவர் நாடு கடத்தப்படலாம். ஊதியம் மாதக்கணக்கில் நின்றுபோன முகாம் ஒன்றில் தனியாக நிற்கும் மகனைப் பற்றிக் கவலைப்பட்ட குடும்பங்களுக்கு, 1920இல் பெரம்பூர்த் தொழிலாளி எந்த நிலையில் நின்றார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

எனவே முதலாளிகளாக இருக்கும் நம் சகோதரர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். ஜகாத்தும் சதக்காவும் கொடுப்பது கடமையும் நற்செயலுமாகும். ஆனால் தொழிலாளர் ஒன்றுகூடிப் பேச வரும்போது கதவைச் சாத்திவிட்டு, பெருநாளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பது அதற்கு ஈடாகாது. துணி நம் தாராளத்தால் வருவது. கூலியைப் பற்றிப் பேசுவது அவர்களுடைய உரிமை. தொழிலாளர்களாக இருக்கும் சகோதர சகோதரிகளிடமும் ஒன்று சொல்ல விரும்புகிறோம். சங்கத்தில் சேரும்போது, அருகில் வேலை செய்பவர் எந்தச் சாதி, எந்த மதம், எந்த மாநிலம் என்று பார்த்து விலகி நிற்காதீர்கள். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து குறைந்த கூலிக்கு வேலை செய்பவரை எதிரியாக எண்ணுவது, புளியந்தோப்பின் பிழையை வேறு உருவில் செய்வதாகும்.

பெரம்பூர் ஆலை 1996ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதன் காக்கித் துணியை இப்போது யாரும் நெய்வதில்லை. அங்கே கேட்கப்பட்ட கூடுதல் நிமிடங்களும், கூடிப் பேசும் உரிமையும், அதற்காகப் பட்ட பசியும் சட்டப் புத்தகத்தின் சில பிரிவுகளாக எஞ்சியிருக்கின்றன. அந்தப் பிரிவுகளை நம் பிள்ளைகள் வேலைக்குச் சேரும் முன்பே அறிந்திருக்கட்டும். மஹல்லாவில் சட்டம் படித்தவர்கள் இருந்தால், ஒரு ஜும்ஆவுக்குப் பின் அரைமணி நேரம் அமர்ந்து, வேலை ஒப்பந்தம், வருங்கால வைப்புநிதி, சங்கப் பதிவு ஆகியவற்றை நம் மக்களுக்கு எடுத்துச் சொல்லலாம். பீடித் தொழிலாளிகளான பெண்களுக்கு அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். பேசிய கூலியைக் கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றுவோர், அந்தப் பேச்சு இரு தரப்பும் வாய் திறந்து நடந்ததா என்பதையும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.